பிராங்க்ஃபர்ட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அந்த உயரக் கட்டடங்களைப் பற்றிக் கொஞ்சம்

கேள்வி: அக்கா, வணக்கம். வேலைக்காக இந்த மாதம்தான் பிராங்க்ஃபர்ட் வந்தேன். எங்கு திரும்பினாலும் கண்ணாடிக் கட்டடம். எது எங்கே என்று பிடிபடவே இல்லை. இதில் எதுதான் நாட்டிலேயே உயரமானது? உயரக் கட்டடம் ஒன்றில் பதினான்காவது மாடியில் வீடும் பார்த்து வைத்திருக்கிறேன். எடுக்கலாமா?

பதில்: வாங்க தம்பி. வீட்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கட்டடங்களைப் பார்ப்போம். வந்த புதிதில் இந்த ஊரில் வழி தவறாமல் இருக்க அவைதான் எனக்குக் கைகொடுத்தன.

ஜெர்மனியின் உயரமான கட்டடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரே ஊரில், அதுவும் நடந்தே சுற்றி வரக்கூடிய தூரத்துக்குள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உச்சி வடிவத்தை வைத்து நான்கைந்தை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் உயரம் கொமெர்ஸ்பாங்க் கட்டடம். 259 மீட்டர், உச்சியில் உள்ள ஆன்டெனாவையும் சேர்த்தால் 300. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997-இல் முடிந்தது. இரவில் மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கும். எனக்கு இந்த ஊரில் பிடித்த கட்டடம் இதுதான். காரணம் உயரம் இல்லை, உள்ளே இருக்கும் ஏற்பாடு. கட்டடம் முக்கோண வடிவம், நடுவில் மேல் வரை வெற்றிடம். பக்கவாட்டில் நான்கு நான்கு மாடி உயரத்தில் ஒன்பது தோட்டங்கள், சுருள்படி போல மாறி மாறி மேலே ஏறுகின்றன. கிழக்கே பார்த்த தோட்டங்களில் ஆசியச் செடிகள், தெற்கே மத்தியதரைக் கடல் பகுதிச் செடிகள், மேற்கே வட அமெரிக்கச் செடிகள். இத்தனை உயரத்திலும் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கலாம். வேலை செய்கிறவருக்கு வெளிச்சமும் காற்றும் போக வேண்டும் என்று இந்த நாட்டில் எவ்வளவு அக்கறை எடுக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு கட்டடமே சாட்சி.

அடுத்தது மெஸ்ஸெடுர்ம், 257 மீட்டர். கண்காட்சித் திடலை ஒட்டி மற்றவற்றிலிருந்து விலகித் தனியாக நிற்கும். தலையில் பிரமிடு வைத்த கட்டடம் தெரிந்தால் அதுதான். ஊர்க்காரர்கள் பென்சில் என்பார்கள். 1991-இல் முடிந்தது, ஹெல்முட் யானின் வடிவமைப்பு. கொமெர்ஸ்பாங்க் வரும்வரை ஐரோப்பாவிலேயே உயரமானதும் இதுவே. வாசலில் கறுப்பு உலோக மனிதர் ஒருவர் சுத்தியலை மெல்ல ஓங்கி மெல்ல இறக்கிக்கொண்டே இருப்பார். யூ4 ரயிலில் ஃபெஸ்ட்ஹாலே/மெஸ்ஸெ நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் அவரைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

மூன்றாவது, பழைய வங்கி வளாகம் ஒன்றை இடித்து எழுப்பிய ஃபோர் என்ற நான்கு கோபுரத் தொகுதியின் பெரிய கோபுரம், 233 மீட்டர். அடுத்து 208 மீட்டர் வெஸ்டெண்ட் டவர். இதை நீங்கள் தவறவிடவே முடியாது, தலையில் கிரீடம் இருக்கும். பேரரசர்களுக்கு முடிசூட்டிய ஊர் என்பதால் அப்படி வைத்தார்கள். கிரீடம் பழைய தேவாலயம் இருக்கும் பக்கம் பார்த்து நிற்கிறது. குளிர்காலத்தில் பனிக்கட்டி தொங்கிக் கீழே நடப்பவர் தலையில் விழாமல் இருக்க அந்தக் கிரீடத்தைச் சூடாக்குகிறார்கள். 200 மீட்டரில் மெயின் டவர், டவர் 185 என்று இரண்டு. பிறகு பளபளக்கும் இரட்டைக் கோபுரம், டாய்ச்ச பாங்க், 155 மீட்டர். அதற்கு ஊரார் வைத்த செல்லப்பெயர் 'பற்றும் வரவும்'. உயரத்தில் இது பட்டியலின் கீழே போய்விட்டாலும் டவுனுஸ்-அன்லாகே எஸ்-பான் (புறநகர் ரயில்) நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது இதுதான் என்பதால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஊருக்கு வடமேற்கே ஒல்லியாக ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் தெரியும். ஐரோப்பா கோபுரம், 337.5 மீட்டர். 'இதுதானே எல்லாவற்றையும் விட உயரம்' என்று புதியவர்கள் கேட்பார்கள். உயரம்தான், ஆனால் ஆள் குடியிருக்கும், வேலை செய்யும் மாடிகள் கொண்ட கட்டடம் இல்லை என்பதால் இந்தக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. பெர்லினின் 368 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரமும் அப்படித்தான்.

ஏன் இங்கே மட்டும் இப்படி என்று உங்களோடு வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல பேச்சு கிடைக்கும். போருக்குப் பிறகு மத்திய வங்கி இங்கே அமைந்தது, மற்ற வங்கிகளும் பின்னால் வந்தன. குண்டுவீச்சில் பழைய ஊர் தரைமட்டமாகியிருந்ததால் இடமும் இருந்தது. ஆனால் எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். 1970-களில் வெஸ்டெண்ட் பகுதியில் நல்ல பழைய வீடுகளை இடித்து அலுவலகம் கட்டக் கிளம்பியபோது மக்கள் காலி வீடுகளுக்குள் புகுந்து உட்கார்ந்து போராடினார்கள். மியூனிக்கில் 2004-இல் வாக்கெடுப்பே நடந்தது. ஃபிரவுவென்கிர்ஹெ தேவாலயக் கோபுரங்கள் சுமார் 99 மீட்டர். அவற்றை விட உயரமாக, 100 மீட்டரைத் தாண்டி எதுவும் கட்டக் கூடாது என்ற தரப்பு நூலிழையில் வென்றது. ஹாம்புர்க்கில் 245 மீட்டருக்குத் திட்டமிட்ட எல்ப்டவர், கட்டியவர்களிடம் பணம் தீர்ந்து 2023-இல் சுமார் 100 மீட்டரோடு நின்றது. உயரக் கட்டடம் என்றாலே இங்கே ஒரு வாதம் உண்டு. அதனால் யாராவது இவற்றைத் திட்டினால் ஊரையே திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்கள் பதினான்காவது மாடி வீட்டுக்கு வருவோம்.

வாடகையைக் கேட்கும்போது கால்ட்மீட்டெ எவ்வளவு, வார்ம்மீட்டெ எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். முதலாவது வெறும் வாடகை. இரண்டாவதில் சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை, லிஃப்ட் பராமரிப்பு, காவலர் எல்லாம் சேரும். உயரக் கட்டடங்களில் லிஃப்டும் வரவேற்பாளரும் இந்த இரண்டாவது தொகையை நன்றாக ஏற்றிவிடும். போன வருடத்து நேபென்கோஸ்டென், அதாவது இந்தக் கூடுதல் செலவுகளின் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்டெக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம்.

அடுத்ததை நம் ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நூற்றுக்கணக்கான பெட்டிகள் வரிசையாக இருக்கும் கட்டடத்தில் உங்கள் பெயர் இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நம் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். மனைவிக்கு வேறு பெயர் இருக்கும். தெரிந்த குடும்பம் ஒன்றில் பெட்டியில் கணவர் பெயரை மட்டும் ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மாவின் வங்கி அட்டையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வந்த வழியே திரும்பிவிட்டன. அதனால் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே வீட்டில் உள்ள எல்லார் பெயரும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருக்கட்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யவும் வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தீ பாதுகாப்பில் இந்த நாடு மிகக் கறார். மேல் மாடியின் தரை 22 மீட்டரைத் தாண்டினாலே சட்டப்படி உயரக் கட்டடம். தீயணைப்பு வண்டியின் ஏணி அதற்கு மேல் எட்டாது என்பதுதான் கணக்கு. உங்கள் பதினான்காவது மாடிக்கு ஏணி வராது தம்பி, படிக்கட்டுதான் வழி. அதனால் படிக்கட்டு வாசலில் செருப்பு அலமாரி, குழந்தை வண்டி, சைக்கிள் எதையும் வைக்காதீர்கள். வைத்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும், அது நியாயமும்கூட. தீ எச்சரிக்கை மணி அடித்தால் லிஃப்ட் பக்கமே போக வேண்டாம். குடிபோன அன்றே ஒருமுறை படியிறங்கி எங்கே வெளியே வருகிறீர்கள் என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து வார்ம்மீட்டெ கைக்கு அடங்கினால் தாராளமாக எடுங்கள். இலையுதிர்காலக் காற்றில் பால்கனியில் துணி காயப்போட முடியாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இன்னொரு தங்கையின் கேள்வி: அக்கா, கோடையில் அப்பா அம்மா வருகிறார்கள். இதில் எதன் மேலாவது ஏறிப் பார்க்க முடியுமா? அம்மாவுக்கு முட்டி வலி உண்டு.

பதில்: மெயின் டவருக்குக் கூட்டிப்போம்மா. பொதுமக்கள் டிக்கெட் வாங்கி உச்சித் தளம் வரை போகலாம். பை சோதனை உண்டு. லிஃப்ட் பெரும்பாலான தூரத்தை ஏற்றிவிடும், மேலே கொஞ்சம் படிகள்தான். தளம் திறந்தவெளி என்பதால் கோடையானாலும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். பலத்த காற்றோ இடியோ என்றால் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்.

காசில்லாமல் பார்க்க ஸ்கைலைன் பிளாசா அங்காடியின் கூரைத் தோட்டம் இருக்கிறது, மெஸ்ஸெடுர்ம் பக்கத்திலேயே தெரியும். மாலையில் என்றால் டாய்ச்ஹெர்ன் பாலம். அங்கிருந்து மேற்கே பார்த்தால் ஆற்றுக்குப் பின்னால் மொத்தக் கோபுரங்களும் சூரியன் இறங்கும் பக்கத்தில் வரிசையாகத் தெரியும். அந்தப் பாலத்தை ஒட்டித்தான் ஐரோப்பிய மத்திய வங்கி, 185 மீட்டர். பழைய காய்கறி மொத்தச் சந்தைக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியது. அந்தச் சந்தையின் நிலவறையிலிருந்துதான் 1941 முதல் 1945 வரை இந்த ஊர் யூதர்களை ரயிலேற்றிச் சாவுக்கு அனுப்பினார்கள். அதற்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. அப்பாவுக்கு வரலாற்றில் ஆர்வம் என்றால் அதையும் காட்டு.

காட்டுக்குள் இருக்கும் கோதே கோபுரத்தையும் பலர் சொல்வார்கள். 43 மீட்டர் மரக் கோபுரம்; 2017-இல் எரிந்து 2020-இல் திரும்ப எழுந்தது. அருமையான இடம்தான், ஆனால் 196 படி, லிஃப்ட் கிடையாது. அப்பா மட்டும் ஏறிவிட்டு வரட்டும், கீழே விளையாட்டுத் திடல் பக்கம் அம்மாவோடு நீ உட்கார்ந்துகொள்.