நல்ல கண்ணை மூடி ஒட்டுவதற்கு மகள் சம்மதிக்கவில்லை: சோம்பேறிக் கண் சிகிச்சை பற்றிய கேள்வி

உவர்மலைத் தாய் எழுதியது:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறோம். நாலரை வயதான என் மகளுக்கு இடது கண்ணில் சோம்பேறிக் கண் எனப்படும் பார்வைக் குறைபாடு இருப்பதாக நிபுணர் கூறியுள்ளார். முன்பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில்தான் இது முதலில் தெரியவந்தது. மாறுகண் இல்லை, பார்வை தெளிவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதுமில்லை. துளிமருந்து விட்டுச் சோதித்தபோது இடது கண்ணில் தூரப்பார்வைக் குறைபாடு அதிகமாகவும் வலது கண் ஏறத்தாழ இயல்பாகவும் இருப்பது தெரிந்தது.

கண்ணாடி போட்ட பிறகு பார்வை ஓரளவு கூடி, பின்னர் அப்படியே நின்றுவிட்டது. இப்போது வலது கண்ணை நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் பிளாஸ்டரால் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டியதும் அழுது பிய்த்து விடுகிறாள். வெயில் காலத்தில் வியர்வையில் கன்னமும் சிவந்து விடுகிறது. கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். பொன்னாங்காணியும் கரட்டும் கொடுத்தால் போதும், வளர வளரத் தானாக மாறிவிடும், பெண் பிள்ளையின் முகத்தில் இதை ஒட்டிக்கொண்டு வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம் என்று மாமி வற்புறுத்துகிறார். அவர் அன்பினால்தான் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு மணித்தியாலம் உண்மையிலேயே போதுமா? முதலாம் தரத்துக்குப் போவதற்குள் இது முடிந்துவிடுமா? பிளாஸ்டருக்குப் பதிலாகத் துளிமருந்து கேட்கலாமா?

சாம்பல்தீவிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கும் இதே சிகிச்சை நடந்தது. ஆரம்ப வாரங்கள்தான் மிகக் கடினமானவை, ஏனென்றால் நாம் மூடுவது பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிகின்ற கண்ணை. அந்த நேரத்தில் அவர்களுடைய உலகமே மங்கிப் போகிறது. அழுகையைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள்.

எங்கள் ஊர் வெக்கையில் மதிய நேரத்தைத் தவிர்த்து, பின்னேரம் குளித்து முகத்தை நன்றாகத் துடைத்த பிறகு, மின்விசிறியின் கீழ் இருத்தி ஒட்டுவது எங்களுக்குச் சரிவந்தது. பிளாஸ்டரை ஒரு நாள் அகன்ற பக்கம் மூக்கை நோக்கியும் மறுநாள் காதை நோக்கியும் திருப்பி ஒட்டினால் ஒரே தோல் திரும்பத் திரும்ப உரியாது. கழற்றும்போது ஈரத்துணியால் ஓரங்களை நனைத்து மெதுவாக எடுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் எண்ணெயைச் சவர்க்காரமிட்டுக் கழுவாவிட்டால் அடுத்த நாள் பிளாஸ்டர் ஒட்டாது. தோல் புண்ணானால் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்ணாடியின் மேல் துணி கட்டினால் பிள்ளைகள் ஓரத்தால் எட்டிப் பார்த்து விடுவார்கள், ஆகவே தோலில் ஒட்டி அதன் மேல் கண்ணாடியைப் போடுவதே நல்லது.

முதலில் பொம்மைக்கு ஒட்டினோம், பிறகு அம்மம்மா தன் கண்ணிலும் ஒட்டிக்கொண்டு அவனோடு இருந்து படம் கீறினார். அந்த நேரத்தில் படிக்கட்டு, சைக்கிள், வீதி ஆகியவற்றைத் தவிருங்கள். சற்றுப் பழகிய பின்னர் பிரெட்ரிக் கோட்டைக்குக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, மர நிழலில் படுத்திருக்கும் மான்களைத் தேடச் சொல்வோம்.

ஓய்வுபெற்ற கண் கிளினிக் தாதி:

அன்புள்ள மகளுக்கு, உங்கள் பிள்ளையின் கண்ணில் நோய் எதுவும் இல்லாமலே இது வரலாம். இரு கண்களில் ஒன்று தொடர்ந்து மங்கலான உருவத்தை அனுப்பும்போது, வளர்ந்து வரும் மூளை தெளிவான கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடுகிறது. மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை முறையிடுவதுமில்லை. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை ஆரம்பப் பருவத்தில் மூடி வைத்தால் அக்கண்ணுக்குப் பதிலளிக்கும் மூளைக் கலங்கள் மிகக் குறைந்துவிடுவதை டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் ஆகியோர் காட்டினார்கள். பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகையால் பொன்னாங்காணியும் கரட்டும் உடம்புக்கு நல்லவையே, தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மூளை கைவிட்ட கண்ணை அவை திரும்ப வேலைக்கு எடுக்காது. தானாக மாறும் என்று காத்திருப்பதுதான் எனக்குப் பயமளிக்கிறது.

இரண்டு மணித்தியாலம் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஆய்வில், மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட, சோம்பேறிக் கண்ணில் பார்வை நடுத்தர அளவில் குறைந்திருந்த (கிளினிக் அட்டையில் 6/12 முதல் 6/24 வரை என்று எழுதுவார்கள்) பிள்ளைகளுக்கு நான்கு மாதங்களின் பின் இரண்டு மணித்தியாலமும் ஆறு மணித்தியாலமும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. பார்வை இதைவிடக் குறைந்திருந்தால் கூடிய நேரம் தேவைப்படலாம். உங்கள் நிபுணர் குறித்த அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணும் மங்கக்கூடும், கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடியோ விழித்திருக்கும் நேரமெல்லாம் இருக்க வேண்டும்.

பிளாஸ்டருக்குப் பதிலாக விடும் அற்றோபின் என்ற துளிமருந்து நல்ல கண்ணின் கிட்டிய பார்வையை மங்கச் செய்து, மற்றதைப் பயன்படுத்த வைக்கிறது. 2002இல் வெளியான ஆய்வில் ஆறு மாதங்களின் பின் அது பிளாஸ்டருக்கு ஏறக்குறைய நிகராக இருந்தது, எனவே தயங்காமல் கேளுங்கள். ஆனால் கண்மணி விரிந்திருப்பதால் நிலாவெளி போன்ற கடற்கரை வெயிலில் பிள்ளைக்குக் கண் கூசும், தொப்பி வேண்டும். முகம் சிவந்து காய்ச்சல் வந்தால் துளியை நிறுத்தி உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

முதலாம் தரத்தை முடிவு நாளாக வைக்காதீர்கள். ஏழு வயதுக்கு மேலும் பலருக்குப் பார்வை கூடுவது உண்டு, ஆயினும் முந்தியே செய்தால் பலன் அதிகம். சிகிச்சை நின்ற பின் ஓராண்டுக்குள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பார்வை திரும்பவும் குறைவதால், அதன் பிறகும் பரிசோதனை தேவை.

கிண்ணியாவிலிருந்து முன்பள்ளி ஆசிரியை:

சகோதரி, மறைக்க வேண்டாம். ஆசிரியையிடம் சொல்லி, பிளாஸ்டர் நேரத்தில் ஒரு பகுதியை முன்பள்ளியில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி வந்தபோது, அது எதற்காக என்று மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தேன்; பிறகு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முகத்தில் பிளாஸ்டர் சில காலம்தான் இருக்கும், பார்வையோ அவளுக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டும் என்று உங்கள் மாமியிடம் பணிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக்குக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

உவர்மலைத் தாய்:

அனைவருக்கும் மிக்க நன்றி. மாமியை அடுத்த முறை அழைத்துச் செல்கிறேன். இன்னுமொரு கேள்வி: இளைய மகனுக்கு இரண்டு வயது. எழுத்தோ படமோ வாசிக்கத் தெரியாதவனைச் சோதிக்க முடியுமா?

ஓய்வுபெற்ற கண் கிளினிக் தாதி:

முடியும், மகள். சகோதரருக்கு இருந்தால் இவருக்கும் இருக்கக்கூடிய வாய்ப்பு அதிகம். துளிமருந்து விட்டு, கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வரும் விதத்தைக் கொண்டே கண்ணாடியின் அளவைக் கணிப்பார்கள். பிள்ளை வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை. அக்காவின் கிளினிக் நாளிலேயே தம்பியையும் பார்ப்பார்களா என்று முன்கூட்டிக் கேட்டு வையுங்கள், துளி விட்ட பிறகு அன்று முழுவதும் அவனுக்குக் கண் கூசும் என்பதால் ஒரு தொப்பியும் கொண்டு போங்கள்.