பைத்தான் நம் கோப்பை எங்கே தேடுகிறது?

நிரல்பழகுநன்:
வணக்கம். பைத்தான் என்னும் கணினி மொழியில், வரவு செலவைக் கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். அதன் முதன்மைக் கோப்பு, அதே கோப்புறையில் உள்ள 'வரி' என்னும் கோப்பை இம்போர்ட் செய்கிறது, அதாவது அதன் குறிமுறையை ஏற்றிப் பயன்படுத்துகிறது. 'விலைப்பட்டியல்' என்னும் சிஎஸ்வி தரவுக் கோப்பையும் திறந்து படிக்கிறது. அந்தக் கோப்புறைக்குள் நின்று இயக்கும்போது எல்லாம் சரியாக நடக்கிறது. வேறு கோப்புறையில் நின்று, முழுப் பாதையைக் கொடுத்து இயக்கினாலோ, 'வரி' கிடைத்துவிடுகிறது, 'விலைப்பட்டியல்' இல்லை என்று நிரல் நின்றுவிடுகிறது. அருகருகே இருக்கும் இரண்டு கோப்புகளில் ஒன்று மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகும்?

இன்னொன்று. நேற்றுப் பயிற்சிக்காக அதே கோப்புறையில் 'ரேண்டம்' என்ற பெயரில் பத்து வரிக் கோப்பு ஒன்றை எழுதி வைத்தேன். அதன்பின், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறொரு நிரல், ரேண்டம் மாட்யூலில் (இம்போர்ட் செய்யப்படும் கோப்பை இப்படி அழைக்கிறார்கள்) ரேண்டின்ட் என்னும் செயற்கூறு இல்லை என்று பிழை காட்டுகிறது.

பழையதச்சன்:
இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு தரவுக் கோப்பைத் திறக்கும்போது, நீங்கள் டெர்மினலில் எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்களோ அங்கிருந்துதான் பெயர் பார்க்கப்படும். இம்போர்ட் அப்படியன்று. அது 'சிஸ்.பாத்' என்னும் பட்டியலில் உள்ள இடங்களை வரிசையாகத் தேடும். ஒரு நிரலை அதன் கோப்புப் பெயரைக் கொடுத்து இயக்கும்போது, அப்பட்டியலின் முதலிடத்தில் அமர்வது நீங்கள் நிற்கும் கோப்புறை அன்று, அந்த நிரல் இருக்கும் கோப்புறை. அதற்குப் பின்னரே 'பைத்தான்பாத்' என்னும் சூழல் மாறியில் குறித்த இடங்களும், பைத்தானுடன் வரும் நூலகமும், பிப் என்னும் நிறுவும் கருவி கொண்டு நிறுவியவை வந்து சேரும் 'சைட்-பேக்கேஜஸ்' கோப்புறையும் வருகின்றன. ஆகவே 'விலைப்பட்டியல்' கோப்பின் பாதையை, இருபுறமும் இரட்டை அடிக்கோடு கொண்ட 'ஃபைல்' மாறியிலிருந்து கட்டிக்கொள்ளுங்கள். எங்கே நின்று இயக்கினாலும் கிடைக்கும்.

தேடலில் முதலில் அகப்படுவதே எடுத்துக்கொள்ளப்படும். அதைவிடப் பொருத்தமானது பின்னால் இருக்கிறதா என்று பைத்தான் பார்ப்பதில்லை. உங்கள் பத்து வரி ரேண்டம், நூலகத்தின் ரேண்டத்தை மறைத்தது இப்படித்தான். நீங்கள் நிறுவிய வேறு ஏதேனும் ஒரு தொகுப்பு ரேண்டத்தைக் கேட்டாலும், அதற்கும் உங்கள் கோப்பே போய்ச் சேரும். அப்போது பிழை, நீங்கள் எழுதாத கோப்பின் வரி எண்ணைக் காட்டி மிரட்டும். 2024இல் வந்த 3.13 பதிப்பு, இத்தகைய இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கும்படி பிழைச் செய்தியிலேயே சொல்கிறது. பைத்தான் 2 காலத்தில் இன்னும் மோசம்: மூலக் கோப்பை அழித்தாலும், பக்கத்தில் எஞ்சிய பிஒய்சி கோப்பு, அதாவது அதன் தொகுக்கப்பட்ட வடிவம், தொடர்ந்து ஏற்றப்படும். 2011இன் 3.2 பதிப்பிலிருந்து அவை தனிக் கோப்புறைக்குள் போகின்றன. மூலம் இல்லையென்றால் அவற்றைப் பைத்தான் பொருட்படுத்தாது.

கோடைமழை:
மேலே சொன்னது சரி, ஆனால் சிஸ்.பாத் பட்டியல் முதற்படி அன்று. ஒரு பெயர் ஏற்கெனவே ஏற்றப்பட்டதா என்று 'சிஸ்.மாட்யூல்ஸ்' என்னும் பதிவேட்டைப் பார்ப்பதே முதற்படி. அதில் இல்லையென்றால், பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்ட மாட்யூல்கள் பார்க்கப்படும். அதன் பிறகே பட்டியல். இதனால்தான் 'சிஸ்' என்ற பெயரில் நீங்கள் ஒரு கோப்பை எழுதி வைத்தால் அதை ஒருபோதும் இம்போர்ட் செய்ய முடியாது. ரேண்டம் போன்றவையோ எளிதில் மறைந்துவிடுகின்றன.

ஒரு மாட்யூலின் குறிமுறை ஓடத் தொடங்கும் முன்பே அதன் பெயர் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. ஆகவே இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்தால், ஒன்றுக்கு மற்றது அரைகுறையாகக் கிடைக்கும். முதன்மைக் கோப்போ தன் சொந்தப் பெயரில் பதிவதில்லை, 'மெயின்' என்னும் சிறப்புப் பெயரில் பதிகிறது. உங்கள் 'வரி' கோப்பு முதன்மைக் கோப்பைத் திருப்பி இம்போர்ட் செய்தால், அது இன்னொரு பெயரில் இரண்டாம் முறை ஓடி, ஒவ்வொரு மாறிக்கும் இரண்டு பிரதிகள் உண்டாகும். ஒரு பட்டியலில் நான் சேர்த்தவை காணாமல் போகின்றன என்று ஒரு மாலை முழுவதும் தேடி, கடைசியில் இதைத்தான் கண்டேன்.

சிஸ்.பாத்தில் கைப்பட ஒரு வரியைச் சேருங்கள் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோப்புகள் பெருகும்போது அவற்றை ஒரே கோப்புறைக்குள் திரட்டிய பேக்கேஜாக்கி, அதற்கு மேலேயுள்ள கோப்புறையில் நின்று '-எம்' தேர்வுடன் இயக்குங்கள். அப்போது பட்டியலின் முதலிடத்துக்கு நீங்கள் நிற்கும் கோப்புறை வரும்.

நிரல்பழகுநன்:
மிக்க நன்றி. ரேண்டம் கோப்பின் பெயரை மாற்றினேன், சரியாயிற்று. நிரலின் ஒரு பகுதியைப் பிரித்துத் 'தொகை' என்ற தமிழ்ப் பெயரிலேயே வைத்தேன். லினக்ஸ் கணினியில் அப்படியொரு மாட்யூலே இல்லை என்கிறது. கோப்புறையைத் திறந்தால் கோப்பு அங்கேயே இருக்கிறது. தமிழ்ப் பெயர் கூடாதா?

எழுத்தெண்ணி:
தாராளமாகக் கூடும், 2008இன் 3.0 பதிப்பு முதலே பைத்தான் தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது, உங்கள் 'வரி' அதற்குச் சான்று. ஐயம் 'தொ' என்னும் எழுத்தின்மேல்தான். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே போல் தெரியும். இம்போர்ட் வரியில் எழுதும் பெயரைப் பைத்தான் எப்போதும் ஒற்றைக் குறியீட்டு வடிவுக்கு மாற்றிக்கொண்டுதான் தேடுகிறது. லினக்ஸோ கோப்பின் பெயரைச் சேமித்தபடியே வைத்திருக்கும். கோப்புப் பெயரில் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் இரண்டும் பொருந்தா. கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிடும் 'ஓஎஸ்.லிஸ்ட்டிர்' தரும் பெயரில், புள்ளிக்கு முற்பட்ட பகுதியின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். 4 வந்தால் காரணம் வேறு. 5 வந்தால் கோப்பின் பெயரை மீண்டும் தட்டச்சிடுங்கள்.

நிரல்பழகுநன்:
5 வந்தது. பழைய ஆவணம் ஒன்றிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டியிருந்தேன்; புதிதாகத் தட்டச்சிட்டதும் நிரல் ஓடியது. அதே ஆவணத்திலிருந்து எடுத்த 'கொள்முதல்' என்ற கோப்பும் இப்படித்தான் இருந்திருக்கிறது. அதை இன்னும் எந்த நிரலும் இம்போர்ட் செய்யாததால் தெரியவில்லை.