சிறு படகுக்கு இரவு விளக்குகள்: புதுப்பிப்பு

அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய பன்னிரண்டடி ஃபைபர் படகுக்கு எந்த விளக்குகள் வேண்டும் என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். இப்போது பொருத்தி முடித்துவிட்டேன்.

கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளின்படி, 7 மீட்டருக்குக் குறைந்த நீளமும் மணிக்கு 7 கடல் மைலுக்கு (7 நாட்) மேற்படாத வேகமும் கொண்ட இயந்திரப் படகுக்கு, எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கே போதும். இயலுமானால் பக்கவிளக்குகளும் இருக்க வேண்டும். எதிரே வருபவருக்கு நம் படகு எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வெள்ளை விளக்கு மட்டும் சொல்லாது என்பதால், இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் காட்டும் ஒரே கூட்டு விளக்கை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வைத்தேன்.

வெள்ளை விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. தாழ்வாக வைத்தால் ஓட்டுபவரின் உடம்பே அதை மறைக்கும், கண்ணும் கூசும். ஆகவே பின்பக்கத்தில், கழற்றி வைக்கக்கூடிய அலுமினியக் கம்பத்தின் உச்சியில், நிற்பவரின் தலைக்கும் மேலே அதைப் பொருத்தி, அடியில் கறுப்பு வண்ணம் பூசிய வட்டத் தகடு ஒன்றை மாட்டினேன். வெளிச்சம் இப்போது படகுக்குள் விழுவதில்லை.

இரண்டும் எல்இடி என்பதால் மொத்தம் 5 வாட்தான் செலவாகிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதியே எட்டு மணி நேரத்துக்குக் காணும். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பிதான் உப்புக்காற்றைத் தாங்கும், விலை சற்றுக் கூடுதல் என்றாலும். ஃபியூஸை பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே வைத்திருக்கிறேன்.