குடும்ப ஜெபத்தின் நடுவே இறங்கிய அறிவிப்பு: மகனை எப்படி நடத்துவது?

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் தாய்)

ஆண்டவருக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்களுக்கு 11 வயதில் ஒரு மகனும் 4 வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். திருமணமான நாள் முதல் இரவு உணவுக்குப் பின் குடும்ப ஜெபம் நடத்துவது எங்கள் வழக்கம். ஒரு சங்கீதம் வாசிப்போம், ஒரு பாட்டுப் பாடுவோம், பிள்ளைகள் ஆளுக்கொரு வரி ஜெபிப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட வேதாகமங்களை அலமாரியில் வைத்துவிட்டுக் கைப்பேசிச் செயலியிலேயே வாசிக்கத் தொடங்கினோம். எழுத்தைப் பெரிதாக்கலாம், வசனத்தைச் சட்டென்று தேடலாம் என்பதால் அது வசதியாகவே இருந்தது.

கடந்த வாரம் என் மகன் 23ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தான். "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்ற இடத்தில் திரையின் மேல்விளிம்பிலிருந்து ஓர் அறிவிப்பு இறங்கியது. அதைத் தள்ளிவிடப் போன கட்டைவிரல் தவறித் திறந்துவிட, விளையாட்டுக் காணொளி ஒன்றின் கூச்சல் அறை முழுவதும் கேட்டது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தால், அதுவரை பார்த்தவற்றின் பட்டியல் முழுவதும் அழிக்கப்பட்டிருந்தது. "நான் எதையும் அழிக்கவில்லை" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னான். நான் கடவுச்சொல்லை அழுத்தும்போது அலமாரிக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து எண்களைக் கற்றுக்கொண்டு, நாங்கள் உறங்கிய பின் கைப்பேசியை எடுத்திருக்கிறான் என்பது, மறுநாள் அவனே அழுதுகொண்டு சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவன் பார்த்தவை ஆபாசமானவை அல்ல. அந்தப் பொய்தான் என்னை உறங்கவிடவில்லை. பள்ளிப் படிப்பு முடியும்வரை எந்தத் திரையும் வேண்டாம் என்கிறார் என் கணவர். ஆனால் வீட்டுப்பாடமே திரை வழியாகத்தான் வருகிறது. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். மகளுக்கு வேதாகமக் கதைக் கார்ட்டூன்களை மட்டுமே காட்டுகிறோம். நல்லவைதானே என்று அதற்கு நேரக் கணக்கு வைப்பதில்லை. அது சரியா?

மறுமொழி 1 (ஞாயிறு பள்ளி ஆசிரியை)

அன்புள்ள சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்; முதலாவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

20 ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவர் வகுப்பை நடத்தி வருகிறேன். இப்போதெல்லாம் மீன் விழுங்கிய தீர்க்கதரிசி யோனாவின் பெயரை எடுத்த உடனே, "தெரியும் டீச்சர்" என்று பத்துக் குரல்கள் எழுகின்றன. மீனின் நிறம்கூட அவர்களுக்குத் தெரியும். நினிவே என்றால் என்ன என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஏனென்றால் அவர்கள் பார்க்கும் காணொளி, மீன் யோனாவைக் கரையிலே கக்கியதோடு பாட்டுப் பாடி முடிந்துவிடுகிறது. வேதாகமத்திலோ அது இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம். அதற்குப் பின் இன்னும் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. நிழல் தந்த ஆமணக்குச் செடி பூச்சி அரித்துக் காய்ந்துபோனதற்காகத் தீர்க்கதரிசி கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவே நகரத்துக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று கர்த்தர் கேட்கும் கேள்வியோடு, யோனாவின் பதில் என்னவென்று சொல்லாமலே அந்தப் புத்தகம் முடிகிறது. பிள்ளையோடு பேசவேண்டியது அந்த இடத்தில்தான் இருக்கிறது. (பெரியவர்களில் எத்தனை பேர் நான்காம் அதிகாரத்தைக் கடைசியாக எப்போது வாசித்தோம் என்று நான் கேட்கப்போவதில்லை.)

நாம் கதை சொல்லும்போது பிள்ளை இடைமறிக்கும். "உள்ளே இருட்டாக இருக்குமா? மீனுக்கு வலிக்காதா?" என்று கேட்கும். காணொளி அதற்காக நிற்பதில்லை. உபாகமம் 6:7இல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளோடு இவற்றைக் குறித்துப் பேசு என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பேச்சுக்குக் கார்ட்டூன் ஒரு தொடக்கமாக இருக்கலாம். அதற்கு மாற்றாக இருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 முதல் 4 வயதுவரை உள்ள பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று கூறியிருக்கிறது. நோவாவின் பேழை ஓடினாலும் பிள்ளை அசையாமல்தானே உட்கார்ந்திருக்கிறது? ஒரு கதையை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, "இப்போது நீ எனக்குச் சொல்" என்று கேளுங்கள்.

மறுமொழி 2 (மென்பொருள் துறையில் பணியாற்றும் தந்தை)

சகோதரி, மென்பொருள் எழுதுவதே என் தொழில் என்பதால் உங்கள் மகனுக்காகச் சற்று வாதாட விரும்புகிறேன். திரையின் அடியை எட்டவே முடியாதபடி உள்ளடக்கம் வந்துகொண்டே இருக்கும் முறையை 2006இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காகத் தாம் வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குவதும், அறிவிப்பு மேலிருந்து இறங்குவதும் அதே நோக்கத்தைச் சேர்ந்தவைதான். எழுந்து போகலாம் என்று மனம் நினைக்கக்கூடிய அந்த ஒரு நொடியை அகற்றிவிடுவதே அவற்றின் வேலை. பெரியவர்களே தோற்கும் இடத்தில் 11 வயதுப் பிள்ளை தோற்றதை, முதலில் அவனுடைய குணக்கேடு என்று எண்ணிவிடாதீர்கள். "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று 1 கொரிந்தியர் 6:12இல் பவுல் எழுதிய வசனத்தை அவனுக்கு மனப்பாடமாகக் கொடுப்பதாக இருந்தால், நீங்களும் அவனோடு சேர்ந்து படியுங்கள்.

செய்யவேண்டியவை சில உண்டு. ஜெபத்துக்கு அச்சிட்ட வேதாகமத்தையே திரும்ப எடுத்துவிடுங்கள். கைப்பேசிகள் எல்லாம், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் உட்பட, இரவில் படுக்கையறைக்கு வெளியே ஓரிடத்தில் சார்ஜ் ஆகட்டும். வீட்டுப்பாடத்துக்கு மகனுக்கென்று பெற்றோர் மேற்பார்வையில் தனிக் கணக்கு அமையுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஆப்பிளில் ஸ்கிரீன் டைம் என்று அதற்கான வசதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை வேலி மட்டுமே. கண்ணாடியில் எண்ணைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வேலியில் ஓட்டை தேடவும் தெரியும்.

இப்போது அந்தப் பொய்யைப் பற்றி. உங்கள் மகனுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால், அதில் பிறந்த ஆண்டு என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான சமூக ஊடகத் தளங்கள் 13 வயதைக் குறைந்தபட்ச வயதாக வைத்திருக்கின்றன. பெற்றோரின் சம்மதமின்றி 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைத் திரட்டக்கூடாது என்று அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து வந்த எண் அது. அந்தத் தடையைத் தாண்டுவதற்குப் பெற்றோர்களாகிய நாமே ஆண்டை மாற்றிப் பதித்துக் கொடுத்துவிடுகிறோம். என் மகளுக்கு 9 வயதாக இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். பக்கத்தில் நின்றவள், "அப்பா, நான் பிறந்தது அந்த ஆண்டில் இல்லையே?" என்றாள். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. திரையிடம் பொய் சொல்லலாம் என்பதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இணையம் அல்ல.

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற சபை மூப்பர்)

மேலே எழுதிய சகோதரர் கருவிகளின்மீது குற்றம் சுமத்துவது நியாயமாக இருக்கலாம். ஆயினும் ஆசாரியனாகிய ஏலியின் வீட்டை மறந்துவிடக்கூடாது. தன் குமாரர் செய்வதை அறிந்திருந்தும் அவர்களை அடக்காமற்போனதே 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில் ஏலியின்மேல் சாட்டப்பட்ட குற்றம். அவர் கண்டித்துப் பேசாமல் இல்லை, பேசினார்; பேச்சோடு நிறுத்திக்கொண்டார். இந்தச் சகோதரியின் கணவர் சொல்வதில் பெரும்பகுதி சரி என்பதே என் கருத்து. வீட்டுப்பாடத்துக்குத் தேவையென்றால், கூடத்தில் அனைவரும் பார்க்கும் இடத்தில் ஒரு கணினி போதும். கைப்பேசி வேண்டாம்.

மறுமொழி 4 (கத்தோலிக்கத் தந்தை, மறைக்கல்வி ஆசிரியர்)

பெரியவர் அவர்களின் கவலையை மதிக்கிறேன். கூடத்தில் கணினி வைப்பதும் நல்ல யோசனைதான். ஆனால் ஏலியின் குமாரர் சிறுபிள்ளைகள் அல்லர், காணிக்கையைப் பறித்துத் தின்ற வளர்ந்த ஆசாரியர்கள். மாட்டிக்கொண்டு அழுத 11 வயதுச் சிறுவனை அவர்களோடு ஒப்பிடுவது எனக்குச் சற்று உறுத்துகிறது. கொலோசெயர் 3:21, பிள்ளைகள் மனந்தளர்ந்து போகும்படி அவர்களுக்கு எரிச்சல் மூட்டவேண்டாம் என்று தந்தையரைப் பார்த்துத்தான் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையிலும், பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் கண்காணிப்பதையே பெற்றோர் குறியாகக் கொண்டால் அது பிள்ளையை வளர்ப்பதாகாது என்று எழுதியிருக்கிறார். உணவு வேளையில் ஆளுக்கொரு கைப்பேசியில் மூழ்கியிருப்பதையும் அதே உரையில் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தவர் கார்லோ அகுதிஸ். 1991இல் பிறந்து 2006இல் இரத்தப் புற்றுநோயால் 15 வயதில் இறந்த இவர், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். கணினியைத் தாமாகவே கற்று, நற்கருணைப் புதுமைகளை (நற்கருணை தொடர்பான அற்புதங்களை) தொகுத்து இணையதளம் அமைத்தவர். வீடியோ கேம் ஆடவும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத்தாமே வரையறை வைத்துக்கொண்டார். அந்த எல்லையை அவரே வகுத்துக்கொண்டார் என்று சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். சகோதரி, உங்கள் மகனையே அழைத்து எவ்வளவு நேரம் போதும் என்று கேளுங்களேன். நீங்கள் நினைத்திருக்கும் அளவைவிடக் குறைவாகவே அவன் சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் பேரம் பேசுங்கள். அதற்காகவாவது இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேள்வி கேட்டவரின் பதில் (மூன்று வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. மகனுடைய கணக்கைத் திறந்து பார்த்தோம். பிறந்த ஆண்டு தவறாகத்தான் இருந்தது, பதித்தவள் நான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் செய்தது பொய் என்று சொல்லி, அவன் கண் முன்பாகவே திருத்தினேன். உடனே கணக்கைப் பெற்றோர் மேற்பார்வையில் இணைக்கும்படி கேட்டது, இணைத்தோம். அவன் பின்தொடர்ந்த சில பக்கங்கள் அதன்பின் திறக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "நீங்கள் சொன்னது பொய் என்றால் நீங்களும் ஜெபத்தில் அதைச் சொல்லவேண்டுமா, அம்மா?" என்று கேட்டான். சொன்னேன். எளிதாக இல்லை.

எவ்வளவு நேரம் போதும் என்று கேட்டதற்கு, நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் என்றான். நான் ஒரு மணி நேரம் கொடுக்க எண்ணியிருந்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. அதுவும் ஒரு வகைப் பொய்தானா என்று பெரியவர்கள்தான் சொல்லவேண்டும். என் கணவர் முழுவதும் சமாதானமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். கணினி கூடத்துக்கு வந்துவிட்டது; மகனின் கையில் கைப்பேசி இல்லை. மகள் இப்போது யோனாவின் கதையை எனக்குச் சொல்கிறாள். அவள் கதையில் ஆமணக்குச் செடியைத் தின்ற பூச்சிக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

நேற்று இரவு ஜெபத்தில் அச்சிட்ட வேதாகமத்தை வைத்து மகன் வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் என் கணவரின் கைப்பேசி ஒலித்தது. அவர் பாதி எழுந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். அது ஒலித்து முடியும்வரை மகன் வாசிப்பதை நிறுத்தி, வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக் காத்திருந்தான்.