ஈன்றவுடன் இறந்த எருமைக் கன்று: தாயைப் பராமரிப்பது எப்படி?

கேள்வி (தம்பலகாமம்)
எங்கள் பட்டியில் தலையீற்று எருமை ஒன்று, கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தும் தலை பின்னோக்கி மடிந்திருந்ததால், நெடுநேரம் முக்கித் திணறிய பின்னரே மிருக வைத்தியரின் உதவியோடு ஈன்றது. நாக்கு வீங்கி நீலம் பாரித்திருந்த கன்று சற்று நேரம் மூச்சுவிட்டு இறந்துவிட்டது. தாயோ வைக்கோலை முகர்ந்து முகர்ந்து கத்துகிறது, கறக்கவும் விடுவதில்லை. இதனை மீண்டும் சினைப்படுத்தலாமா?

மறுமொழி 1 (மூதூர்)
வீங்கிய நாக்கே, கன்று பிறப்புப் பாதையில் நெடுநேரம் சிக்கியிருந்ததைக் காட்டுகிறது. மடிந்த தலையை நேராக்காமல் கால்களில் கயிறு கட்டி இழுத்தால் கருப்பை கிழிந்துவிடக்கூடும் என்பதால், வைத்தியரை அழைத்தது சரியே. இப்போது கவனிக்கவேண்டியது இளங்கொடி (நஞ்சுக்கொடி): 24 மணி நேரத்துக்குள் விழாவிட்டால் கையால் பிய்க்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். துர்நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் அதுவரையும் காத்திருக்கவேண்டாம்.

மறுமொழி 2 (கிண்ணியா)
பால் தேங்கினால் மடிவீக்கம் வரும். தவிடு வைத்து, இளஞ்சூட்டு நீரால் மடியைத் துடைத்து, ஒரே ஆள் குறித்த நேரத்தில் கறக்கட்டும். இறந்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன் வைக்கோல் கன்றாக நிறுத்துவது பழைய வழி; எனக்கு அதில் விருப்பமில்லை. தலை மடிவது பெரும்பாலும் அந்த ஈற்றோடு போகும் என்பதால், இரண்டு மாதங்களின் பின் கருப்பையைச் சோதித்துவிட்டுச் சினைப்படுத்தலாம்.