பெரியப்பா வாங்கவிருந்த தலைப்பட்டை

குழு: கோத்தகிரி வீடு

ராஜாமணி, இரவு 8:04
இந்த விளம்பரத்தைப் பாருங்கள். நெற்றியில் கட்டிக்கொண்டால் மூளைக்கு இலேசாக மின்சாரம் போகுமாம், மனம் தெளியுமாம். முரளிக்கு ஒன்று வாங்கிவிடட்டுமா?

செல்வி, 8:06
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி, 8:07
அத்தை, நீக்குவதற்குள் படித்துவிட்டேன். நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

செல்வி, 8:07
ஐயோ கண்ணா, பயத்தில் எழுதிவிட்டேன். கரண்ட் என்றதும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

மீனா, 8:10
மாமா, எதையும் வாங்க வேண்டாம். சுகந்தி ஆஸ்பத்திரியில் பணி முடிந்து வரட்டும், அவளைக் கேட்போம்.

ராஜாமணி, 8:11
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்கிறானே, அதனால்தான் தேடினேன்.

முரளி, 8:15
பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று பட்டது. அப்படி இருக்காது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பு விடவில்லை. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் இறங்கிவிட்டேன்.

ராஜாமணி, 8:16
பலாப்பழக் காலத்தில் அங்கேயா இறங்கினாய்? யானை நிற்கும் இடமாயிற்றே!

முரளி, 8:16
யானை என்னைப் பற்றிப் பேசாது பெரியப்பா.

சுகந்தி, 9:02
இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். அப்பா, அந்தப் பட்டையைத் தொடாதீர்கள். யாருக்கு, மூளையின் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

செல்வி, 9:03
அப்படியானால் மருத்துவமனையில் ஷாக் வைப்பார்களா?

சுகந்தி, 9:09
அது வேறு, இது வேறு அத்தை. ஷாக் சிகிச்சை வலிப்பை உண்டாக்குவது. அதையும் மயக்க மருந்து கொடுக்காமல் செய்யக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. முரளி படித்துவிட்டு எனக்கு அனுப்பியது நேர்மின்னோட்டத் தூண்டல், அதாவது மூளைக்கு மெல்லிய மின்சாரம் விடும் சிகிச்சை. ஈரப் பஞ்சு வைத்த இரண்டு தகடுகளைத் தலையில் பொருத்தி, சுமார் 20 நிமிடம் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் விடுவார்கள். பழைய டார்ச் பல்பு எரியவே இதைப்போல் நூறு மடங்கு வேண்டும். ஆள் விழித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார், கொஞ்சம் அரிக்கும். காதில் குரல் கேட்பது நிற்காத நோயாளிகளுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

முரளி, 9:11
விஆர் கண்ணாடி, அதான் மாய உலகத்தைக் கண்முன் காட்டுமே, அதைப் பற்றியும் சொல்லுங்கள் அக்கா. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சுகந்தி, 9:18
கண்ணாடிக்குள் ஒரு பஸ் தெரியும். எத்தனை பயணிகள் இருக்க வேண்டும், அவர்கள் உன்னைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் சிகிச்சையாளர் கையில் இருக்கும். முதலில் இரண்டு பேர், பழகியதும் நெரிசல். தலையைக் குனியாமல் நிமிர்ந்து பார்த்தால் என்ன நடக்கிறது என்று நீயே சோதித்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் 116 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. சந்தேகமும் பதற்றமும் குறைந்தன. இங்கிலாந்தில் 346 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வந்தது. வெளியே போகவே அஞ்சியவர்களுக்கு அது அதிகம் உதவியது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சைக்கோசிஸ் என்ற மனப்பிறழ்வு நோய் வந்தவர்கள். உன்னைப் போல் அதன் விளிம்பில் நிற்கும் இளைஞர்களுக்கு மின்தூண்டலையும் விஆரையும் சேர்த்துக் கொடுப்பது இன்னும் ஆராய்ச்சிதான். தூண்டல் மூளையைப் பாடத்துக்கு ஆயத்தப்படுத்தும், விஆர் பாடத்தை நடத்தும் என்பது எண்ணம். இத்தகைய ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பகுதியினருக்கு அரை நிமிடம் மின்சாரம் விட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். தமக்குக் கிடைத்தது எது என்று அவர்களுக்கே தெரியாது.

ராஜாமணி, 9:20
விளிம்பு என்றால்? விழுந்துவிடுவானா?

சுகந்தி, 9:24
இல்லை அப்பா. இப்படி அறிகுறி உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு மூன்று ஆண்டுகளில் அது நோயாக முற்றுவதில்லை. மாத்திரைகூட எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை. பேச்சுச் சிகிச்சைதான் முதலில். தூக்கம் சீராக வேண்டும். முரளி, விடுதியில் கஞ்சா ஏதாவது உண்டா? இங்கே சொல்லாதே, எனக்குத் தனியாக எழுது.

மீனா, 9:24
ஏன் தனியாக?

சுகந்தி, 9:25
சித்தி, இங்கே கேட்டால் அவன் இல்லை என்றுதான் சொல்வான்.

செல்வி, 9:27
மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டலாமா என்று அம்மா கேட்கிறார்கள்.

சுகந்தி, 9:28
கட்டட்டும். ஆனால் அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் மனம் படபடத்தால் 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

முரளி, 9:31
போகிறேன். அம்மா மட்டும் வந்தால் போதும். காலைப் பஸ், முன்பக்கத்து ஜன்னல் ஓரம்.

ராஜாமணி, 9:31
கார் எடுக்கட்டுமா?

முரளி, 9:33
வேண்டாம் பெரியப்பா. பஸ்ஸிலேயே போய்ப் பார்க்கிறேன். முடியாவிட்டால் கட்டபெட்டில் இறங்கி அழைக்கிறேன்.

செல்வி, 9:34
நானும் கூட வருகிறேனே கண்ணா?

முரளி, 9:35
அத்தை, நீங்கள் வந்தால் பஸ் முழுக்க நிஜமாகவே நம்மைத்தான் பார்க்கும்.

செல்வி, 9:35
😂 சரி, வரவில்லை. இட்லி கட்டித் தருகிறேன்.