கம்ப்ரெஷன் ரேஷியோ: 'குறுக்க விகிதம்' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கம்ப்ரெஷன் ரேஷியோ (எஞ்சின் சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சிறிய இடத்துக்குள் அடைக்கப்படுகிறது என்ற கணக்கு) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை அழுத்த விகிதம், அமுக்க விகிதம், சுருக்க விகிதம் என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. நான் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: குறுக்க விகிதம். அதற்கு முன், எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன்.

நண்பர் ஒருவர் குறைந்த செலவில் எஞ்சின் கட்டினார். ஒன்றின் ப்ளாக், இன்னொன்றின் பிஸ்டன், மூன்றாவதின் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு). கட்டி முடித்து, ஸ்பார்க் பிளக் துளையில் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தால் அளவு பழையதைவிடக் குறைவு. 'ரேஷியோ இறங்கிவிட்டது' என்று ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றி, அதற்கும் ப்ளாக்குக்கும் இடையே இன்னும் மெல்லிய கேஸ்கெட் போட்டார். சாலையில் சுமை ஏறியதும் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது (ரேஷியோ அதிகமானால் வரும் 'நாக்கிங்' சத்தம்). உண்மையில் ரேஷியோ முதல் தடவையே ஏறித்தான் இருந்தது. புது கேம்ஷாஃப்ட், காற்று நுழையும் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடியதால், ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விட்டது. கேஜ் காட்டியது அந்தக் குறைவை. அவர் மனத்தில் கம்ப்ரெஷன் என்றால் அழுத்தம், அவ்வளவுதான். நாமும் 'அழுத்த விகிதம்' என்று எழுதினால் அதே குழப்பத்தைத்தான் அச்சேற்றுவோம்.

இது அழுத்தங்களின் விகிதமே இல்லை. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுக்கிறோம். 10:1 எஞ்சினில் வெப்பம் வெளியேறாது என்று வைத்துக் கணக்கிட்டால், அழுத்தம் சுமார் 25 மடங்கு ஏறும். இரண்டும் வேறு எண்கள். போதாததற்கு, கேஸ் டர்பைனில் அழுத்தங்களை வகுத்தே ஒரு விகிதம் சொல்கிறார்கள். 'அழுத்த விகிதம்' அதற்குத்தான் பொருந்தும்.

அமுக்கம் என்றால் இலங்கைத் தமிழில் அழுத்தம்தான். தாழமுக்கம் என்று வானிலையில் தினமும் கேட்கிற சொல். ஆகவே அங்கே இதே குழப்பம் திரும்ப வரும். சுருக்கம் நல்ல சொல், ஆனால் கணினிக் கோப்புச் சுருக்கத்துக்குப் போய்விட்டது.

குறுக்கம் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மகரக்குறுக்கத்தில் அரை மாத்திரை மகரம் கால் மாத்திரையாகிறது. எழுத்து அதேதான், அளவு மட்டும் குறைகிறது. எத்தனை பங்காகக் குறைகிறது என்பதும் சொல்லப்படுகிறது. சிலிண்டருக்குள் நடப்பதும் இதுதானே! காற்று அதேதான், இடம் குறைகிறது. மகரத்துக்கு 2:1 என்று எழுதிவிடலாம். இந்த ஒப்பு எனக்குப் பிடித்துப்போய் இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

'குறுக்கு' என்ற சொல்லோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். குறுக்குவெட்டு, குறுக்குச்சட்டம் எல்லாம் 'குறுக்கு' என்றே வரும். 'குறுக்க' என்று வராது. எனக்கு அது போதும்.

அடுத்து, இதற்குத் துணைச்சொல் ஒன்றும் வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தை 'மிச்சக் கொள்ளளவு' என்று சொல்லலாம். பாகங்களைக் கலந்து கட்டுபவருக்கு இதுதான் உயிர். துளை (சிலிண்டரின் உள்விட்டம்) 86 மி.மீ., வீச்சு (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 86 மி.மீ. என்றால் ஒரு சிலிண்டர் சுமார் 500 சி.சி. மிச்சக் கொள்ளளவு 62.5 சி.சி. என்றால் குறுக்க விகிதம் 9. கேஸ்கெட்டை 1.2 மி.மீ.யிலிருந்து 0.7 ஆக்கினால் கிட்டத்தட்ட 2.9 சி.சி. போகும். 6 சி.சி. குழிவுள்ள பிஸ்டனை எடுத்துவிட்டு, அதே உயரத்தில் தட்டையானதைப் போட்டால் அந்த 6-ம் போகும். இப்போது விகிதம் 10.3. மொத்தம் குறைந்தது 9 சி.சி.கூட இல்லை, இரண்டு தேக்கரண்டிக்கும் கீழே!

வீச்சைக் கூட்டினாலும் விகிதம் ஏறும். ஹோண்டாவின் பி16ஏ, பி18பி எஞ்சின்கள் இரண்டுக்கும் துளை 81 மி.மீ.தான், வீச்சு முதலாவதில் 77.4, இரண்டாவதில் 89. பி16ஏ ஹெட்டை பி18பி ப்ளாக்கில் ஏற்றும் கலவை பிரபலமானதற்கு இந்தப் பொதுவான துளையும் ஒரு காரணம். (ஹெட்டுக்கு ஆயில் வழி தனியாகக் கொடுக்க வேண்டும், அது வேறு கதை.)

கணக்கு எதுவானாலும் ஹெட்டில் உள்ள குழியின் கொள்ளளவை அளக்காமல் நம்பாதீர்கள். வால்வுகளையும் பிளக்கையும் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தட்டை ஒட்டி, பியூரெட்டிலிருந்து (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) சாயநீரைச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். கடைசிக் காற்றுக்குமிழி துளைக்கு வந்து உடையும் கணத்தில் குழாயை மூடிவிட்டு அளவைப் படியுங்கள். அந்தக் குமிழியைப் பார்த்தவர்கள் இதை அழுத்தம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று பாக்கி. பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே மிஞ்சும், சுமார் 1 மி.மீ. அளவே உள்ள சந்துக்கு என்ன பெயர்? பட்டறையில் ஸ்குவிஷ் என்கிறார்கள். 'பிதுக்கிடை' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.